‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா? துருக்கி மொழி படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நகரியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் நாலு விசைத்தறி ஓடுகிறது. முன்னறையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நான் துருக்கி மொழி சொல்லித் தருகிறேன். துருக்கியில் படிக்கப் போகிற பிள்ளைகள் வருகிறார்கள், ஏற்றுமதி ஆபீசில் கடிதப் போக்குவரத்து பார்க்கிறவர்கள் வருகிறார்கள், துருக்கி சீரியல் பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர்களும் உண்டு. எல்லோரும் ஆங்கிலத்தின் வழியாகத்தான் துருக்கிக்குள் நுழைகிறார்கள். நுழைந்ததும் தடுக்கி விழுகிற இடம் பெரும்பாலும் ஒன்றே: ‘ரன்’ என்கிற சின்ன ஆங்கிலச் சொல். திரும்பத் திரும்ப அதைப் பற்றியே கேட்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

அகராதியில் ‘ரன்’ என்றால் ‘கொஷ்மக்’ என்று முதலிலேயே போட்டிருக்கிறதே. அதையே எழுதினால் என்ன தப்பு?

நான் எழுதினேன், பட்டேன். அப்போது சென்னையில் ஒரு ஏற்றுமதி ஆபீசில் வேலை. துண்டு வாங்குகிறவர் தெனிஸ்லி ஊர்க்காரர். துருக்கியில் குளியல் துண்டுக்குப் பேர் போன ஊர் அது; அங்கேயே தறி உண்டு, இருந்தும் சில ரகங்களுக்கு நம்மிடம் வருவார். ஆர்டர் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டிருந்தார். ‘தறியெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று அவர் மொழியிலேயே சொல்லி அசத்தலாம் என்று ‘தெஸ்கியாஹ்லர் கொஷுயொர்’ என்று அனுப்பினேன். தெஸ்கியாஹ் என்றால் தறி. பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: ‘எந்தப் பக்கமாக ஓடுகின்றன? யாரையாவது அனுப்பிப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.’

கொஷ்மக் என்பது காலால் ஓடுவது. மனிதன், குதிரை, நாய் கொஷ்மக் செய்யலாம். தறிக்கு நாலு கால் இருந்தாலும் அது கொஷ்மக் செய்யாது. இயந்திரம் ஓடினால் துருக்கியில் ‘சலுஷ்மக்’. அதன் முதல் பொருள் வேலை செய்வது. ‘தெஸ்கியாஹ்லர் சலுஷுயொர்’ என்றால்தான் தறி ஓடுகிறது. பிள்ளை பாடம் படிப்பதும் சலுஷ்மக்தான். ஆக அந்த ஊரில் அப்பாவும் மகனும் மோட்டாரும் ஒரே வினையைத்தான் செய்கிறார்கள்.

தெஸ்கியாஹ் என்ற சொல்லுக்குக் கடையில் சாமான் வைத்து விற்கிற மேடை என்றும் பொருள் உண்டு. பட்டறை மேசையும் அதுவே. இது போகிற போக்கில்.

நீங்கள் தமிழில் எழுதுகிற மாதிரியே உச்சரித்தால் போதுமா?

முக்கால்வாசி போதும். துருக்கியர்கள் 1928-ல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறினார்கள். மொத்தம் 29 எழுத்து. எழுதுவதை அப்படியே படிக்கலாம் என்பது பெரிய நிம்மதி.

‘ச’ வருகிற இடத்தில் ‘பச்சை’யில் வருகிற ச-வைச் சொல்லுங்கள். அப்புறம், ஆங்கிலக்காரர்கள் திணறுகிற ஒரு உயிரெழுத்து உண்டு. புள்ளி வைக்காத ‘ஐ’ என்று சொல்வார்கள். வாயைக் குவிக்காமல் சொல்கிற உகரம் அது. நமக்கு அது தாய்ப்பாலோடு வந்தது. ‘பாக்கு’, ‘பத்து’ என்று சாதாரணமாகப் பேசும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒரு உ தேய்கிறதே, குற்றியலுகரம், கிட்டத்தட்ட அதேதான். ‘சலுஷ்மக்’கில் நடுவே இருக்கிற ‘லு’வை ‘பல்லு’ என்கிறபோது வரும் லு மாதிரி சொன்னால் தெனிஸ்லிக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

சரி, ‘ரன்’ என்பதற்கு மொத்தம் எத்தனை அர்த்தம்தான் இருக்கிறது?

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் புதிய பதிப்புக்காக அதை எடுத்துக்கொண்ட பீட்டர் கில்லிவர் வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள் பிரித்தார். ஒரே சொல்லுக்கு ஒன்பது மாதம் செலவானது. அதற்கு முன்னால் ‘செட்’ என்ற சொல்தான் அந்த அகராதியில் பெரிய சொல்; 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 430. மோட்டாரும் ரயிலும் கம்ப்யூட்டரும் வந்த பிறகு ‘ரன்’ முந்திக்கொண்டது.

645-ஐயும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு தெரிந்தால் துருக்கியில் காலம் தள்ளலாம்.

எதற்கு எந்தச் சொல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது சுலபமாக வரவேண்டும் என்பது என் கட்சி. 1960-ல் எல்லை பிரித்தபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, நகரியும் புத்தூரும் ஆந்திராவில் நின்றன. எங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, தறிக்கூடத்தில் இரண்டும். பஸ் தமிழில் ஓடுகிறது, தெலுங்கில் நடக்கிறது. என் மனைவி புத்தூர்ப் பக்கம். கல்யாணமான புதிதில் ‘இன்னிக்கு பஸ் நடக்குதா?’ என்று தமிழிலும் கேட்பாள். நான் சிரித்தால், ‘உங்க ஊர்ல மட்டும் பஸ்ஸுக்குக் கால் இருக்கா, ஓடறதுக்கு?’ என்பாள். பதில் கிடையாது.

படம் தமிழில் ‘ஓடுகிறது’, தெலுங்கில் ‘ஆடுதோந்தி’, அதாவது ஆடுகிறது. மூக்கு தமிழில் ஒழுகுகிறது, தெலுங்கில் ‘காருதோந்தி’. இந்த மாற்றத்தை நாங்கள் ஒரு நாளைக்கு நூறு தடவை யோசிக்காமல் செய்கிறோம். துருக்கிக்கும் அதே வித்தைதான். ‘ரன்’னைப் பார்த்ததும் அகராதியைத் தேடாமல், ஓடுவது யார் அல்லது எது என்று முதலில் பாருங்கள். காலா, இயந்திரமா, தண்ணீரா, கடையா, தப்பித்துப் போகிற ஆளா? அதைச் சொன்னால் வினை தானாக வந்து நிற்கும்.

தண்ணீர், மூக்கு, ரத்தம், நேரம்?

நாலுக்கும் ‘அக்மக்’. பாய்வது, வழிவது. ‘புர்னும் அக்குயொர்’ என்றால் என் மூக்கு ஒழுகுகிறது. குழாய் திறந்து கிடந்தால் ‘முஸ்லுக் அக்குயொர்’. நேரம் போவதையும் ‘ஸமான் ஸு கிபி அக்குயொர்’ என்பார்கள், நேரம் தண்ணீர் மாதிரி ஓடுகிறது என்று. ஸமான் நேரம், ஸு தண்ணீர், கிபி ‘போல’. வரிசையைப் பாருங்கள், ‘தண்ணீர் போல’ என்று நாம் சொல்வதும் அப்படித்தானே? போல பின்னால் வருகிறது, வினை கடைசியில் வருகிறது. ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாக்கி மறுபடி நேராக்குகிறார்கள். தமிழிலிருந்து நேராகப் போனால் பாதி வேலை மிச்சம்.

துணியில் சாயம் போனாலும் அக்மக்தான்: ‘பொயாஸு அக்து’. இதைத் தெரிந்துகொள்ளாமல் துணி வியாபாரத்துக்குப் போகாதீர்கள். புகார்க் கடிதத்தில் முதலில் வருகிற வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். நிறத்துக்கு அவர்கள் சொல் ‘ரெங்க்’. தெலுங்கு ‘ரங்கு’ காதில் விழுகிற மாதிரியே இருக்கும்.

காய்ச்சலுக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ போடுகிறார்களே?

துருக்கியில் அதற்கு வினையே வேண்டாம். ‘அதெஷிம் வர்.’ அதெஷ் என்றால் நெருப்பு. காய்ச்சலுக்கும் அதே பெயர். ‘வர்’ என்றால் இருக்கு. எனக்கு நெருப்பு இருக்கு. இல்லை என்றால் ‘யொக்’. இந்த வர், யொக் இரண்டையும் வைத்தே ஒரு வாரம் கடைத்தெருவில் சமாளிக்கலாம்.

பரம்பரையாக ஒரு குணம் வருவதற்கும் வர் போதும்: ‘கனுந்த வர்’, ரத்தத்திலேயே இருக்கு.

கடை நடத்துவது?

‘இஷ்லெத்மெக்’. கடை ‘துக்கியான்’, தெலுங்கில் ‘துகாணம்’ என்கிறோமே, அந்தக் குடும்பம்தான். அங்கே போய் வணிக நிர்வாகம் படிக்கப் போகிற பிள்ளைகளின் படிப்புக்கே ‘இஷ்லெத்மெ’ என்று பெயர்.

இதில் எனக்கு மிகப் பிடித்த ஒன்று இருக்கிறது. நாம் வண்டி ஓட்டுகிறோம், தறி ஓட்டுகிறோம்; ஆளையும் ஓட்டுகிறோம். ‘என்னை ஓட்டாதடா’ என்றால் கேலி செய்யாதே. இஷ்லெத்மெக்கும் அப்படியே. ‘பெனி மி இஷ்லெதியொர்ஸுன்?’ என்று ஒரு துருக்கியர் கேட்டால், ‘என்னை ஓட்டுறியா?’ என்று அர்த்தம். நகரிக்கும் தெனிஸ்லிக்கும் நடுவில் இத்தனை கடல் இருந்தும் இரண்டு ஊர்க்காரர்களும் தனித்தனியாக ஒரே குறும்பைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஓடிப்போவது?

‘கச்மக்’. தப்பி ஓடுவது. இது ஒரு சுரங்கம், நிதானமாகச் சொல்கிறேன்.

திருடன் கச்மக் செய்கிறான், அது எளிது. தூக்கம் போய்விட்டால் ‘உய்கும் கச்து’, என் தூக்கம் ஓடிப்போச்சு. காலுறையில் இழை விட்டு நீளமாகக் கிழிந்தால் ஆங்கிலத்தில் அதுவும் ஒரு ‘ரன்’. துருக்கியில் ‘சொராபும் கச்து’. சொராப் காலுறை, ஆக காலுறை ஓடிப்போனது. கண்ணில் தூசி விழுந்தால் தூசியும் ‘கச்து’, கண்ணுக்குள் தப்பி ஓடிவிட்டதாம்.

வீட்டுக்குத் தெரியாமல் பெண் பிடித்த பையனோடு போய்விட்டால்? தமிழில் ‘ஓடிப்போயிட்டா’. தெலுங்கில் ‘லேச்சிபோயிந்தி’, எழுந்து போய்விட்டாள். துருக்கியில் ‘கச்து’. ஓட்டம், எழுச்சி, தப்பித்தல். ஊர் வாய் பேசுவது ஒரே விஷயத்தை. எந்த நொடியைப் பார்த்துப் பேசுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

பஸ்ஸைத் தவறவிட்டதற்கும் இதே சொல் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கச்மக் ‘ஓடிப்போவது’, ‘கச்சுர்மக்’ ஓடிப்போக விடுவது. ‘ஒத்தொபுஸு கச்சுர்தும்’ என்றால் பஸ்ஸை ஓடவிட்டுவிட்டேன், அதாவது தவறவிட்டேன். நாம் ‘பஸ்ஸை விட்டுட்டேன்’ என்பதற்கு வெகு பக்கம்.

அதே தெனிஸ்லிக்காரர் ஒருமுறை சென்னைக்கு வரவேண்டியவர் வரவில்லை. ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி வந்தது. ‘நான் விமானத்திலிருந்து தப்பினேன், நாளை வருகிறேன்.’ எனக்குக் கை நடுங்கிவிட்டது. செய்தி சேனலைப் போட்டு அரைமணி நேரம் பார்த்தேன், எந்த விபத்தும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது: ‘உச்சாவு கச்சுர்தும்’ என்று மனசுக்குள் நினைத்ததை ஆங்கிலமாக்கியிருக்கிறார். விமானம் போய்விட்டது, அவ்வளவுதான். நல்லவேளை, அந்தச் சொல்லின் இன்னொரு பொருளில் எழுதவில்லை. விமானத்தைக் கடத்துவதற்கும் கச்சுர்மக்தான்! விமான நிலையத்தில் இந்த வாக்கியத்தை அவர்கள் சிரிக்காமல் எப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்.

கச்மக் - கச்சுர்மக் மாதிரி மற்றவற்றுக்கும் ஜோடி உண்டா?

உண்டு. தமிழில் ஓடு - ஓட்டு, நட - நடத்து. தெலுங்கில் நடுசு - நடுப்பு. துருக்கியில் சலுஷ்மக் ஓடுவது, ‘சலுஷ்துர்மக்’ ஓட வைப்பது. வண்டியை ஸ்டார்ட் செய்வதும், கம்ப்யூட்டரில் ஒரு நிரலை ஓட்டுவதும் சலுஷ்துர்மக். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘ரன்’தான், தானே ஓடினாலும் நாம் ஓட்டினாலும். அதனால்தான் ஆங்கிலம் வழியாகப் படிக்கிற பிள்ளைகள் இங்கே குழம்புகிறார்கள். ‘ஓடு’வா ‘ஓட்டு’வா என்று தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், சரியாகிவிடும்.

கொஷ்மக்கின் ஜோடி ‘கொஷ்துர்மக்’. நாள் பூரா அங்கும் இங்கும் அலைந்துவிட்டு ‘இன்னைக்கு ஒரே ஓட்டம்’ என்போமே, அதற்கு அவர்கள் சொல்வது இதுதான்.

சில சொல் ‘மக்’ என்று முடிகிறது, சில சொல் ‘மெக்’ என்று முடிகிறது. ஏன்?

முன்னால் இருக்கிற உயிர் எப்படியோ அப்படி. அ, ஒ போன்ற உயிருக்குப் பின்னால் மக். எ, இ-க்குப் பின்னால் மெக். தெலுங்கில் ‘செல்லிகி’ என்றும் ‘அக்ககு’ என்றும் வேறு வேறாகச் சொல்கிறோமே, அந்த மாதிரி ஒரு ஒத்துப்போதல். காதுக்கு விட்டுவிடுங்கள்.

நூல் தீர்ந்துவிட்டது என்று சொல்லவும் ‘ரன்’ வருகிறதே, கூட ஒரு ‘அவுட்’ போட்டு?

‘பித்மெக்’, முடிவது, தீர்வது. ‘இப்லிக் பித்தி’, நூல் தீர்ந்துபோச்சு. போனில் சார்ஜ் தீர்ந்தாலும் பித்தி. பொறுமை தீர்ந்தாலும்கூட.

கரண்ட் போனதற்கு இதைப் போடாதீர்கள். அதற்கு ‘எலெக்த்ரிக்லெர் கித்தி’. கித்தி என்றால் போச்சு. எங்கள் தெருவில் தறிச் சத்தம் பொசுக்கென்று நிற்கும்போது நாலு வீட்டிலிருந்து ஒரே குரலில் வருகிற வாக்கியத்தின் நேர் மொழிபெயர்ப்பு. அவர்கள் கரண்டைப் பன்மையில் சொல்வது மட்டும் வேறு.

படம் ஓடுவது?

‘ஃபில்ம் ஒய்னுயொர்’. ஒய்னமக் என்றால் விளையாடுவது, ஆடுவது. தெலுங்குக்காரர்கள் பக்கம் நின்றுவிட்டார்கள்.

ரோடு, பஸ் சர்வீஸ்?

ரோடு ஓடாது, போகும். சென்னையிலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போகிறது எங்கள் ரோடு. இதைத் துருக்கியில் சொல்லவும் ‘கித்மெக்’, போவது. ‘பு யொல் நெரெயெ கிதெர்?’, இந்த ரோடு எங்கே போகுது? பஸ் இருக்கிறதா என்று கேட்க ‘ஒத்தொபுஸ் வர் மு?’ போதும். கடைசி ‘மு’ நம்முடைய ‘இருக்கா’வில் உள்ள ஆ.

தேர்தலில்?

அமெரிக்காவில் ஓடுகிறார்கள், இங்கிலாந்திலும் நம் ஊரிலும் நிற்கிறார்கள், துருக்கியில் ‘அதய் ஒல்மக்’, வேட்பாளர் ஆகிறார்கள். ஜெயித்தால் ‘மில்லெத்வெகிலி’, நாடாளுமன்ற உறுப்பினர். அதற்குள் நம் வக்கீல் ஒளிந்திருக்கிறார். இரண்டும் அரபுச் சொல் வழியாக வந்தவை.

ஒருவர் மீது வண்டி ஏறுவது, வழியில் யாரையாவது எதிர்பாராமல் பார்ப்பது?

முதலாவது ‘எஸ்மெக்’, நசுக்குவது. இரண்டாவது ‘ரஸ்த்லமக்’. ஆங்கிலத்தில் இரண்டும் ‘ரன்’னுக்குப் பின்னால் ஒட்டுகிற ஒரு குட்டிச் சொல்லில்தான் மாறும். நண்பரைச் சந்தித்தேன் என்று சொல்லப் போய் நசுக்கினேன் என்று சொன்ன மாணவன் ஒருவன் என் வகுப்பில் உண்டு.

அப்படியென்றால் ‘கொஷ்மக்’ எப்போதும் ஓடுவதுதான், அதில் குழப்பமில்லை, சரியா?

அதிலும் ஒரு பொறி உண்டு. ‘ஷர்த் கொஷ்மக்’ என்றால் நிபந்தனை விதிப்பது. யாரும் ஓடவில்லை. ஷர்த் வேறொன்றுமில்லை, பத்திரத்தில் எழுதுகிறோமே ‘ஷரத்து’, அதுவே. ஒப்பந்தத்தில் இதைப் பார்த்தால் நின்று படியுங்கள்.

போனில் மொழிபெயர்க்கிற ஆப் இருக்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு?

முழு வாக்கியமாகக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாக வரும். ‘ரன்’ என்று ஒற்றைச் சொல்லாகக் கொடுத்தால் கொஷ்மக்தான் வரும், தறி தெருவில் ஓடும்.

கிரிக்கெட் ரன்னுக்கு என்ன சொல்வது?

அங்கே அன்றாடம் ஆடுகிற ஆட்டம் இல்லை அது, அதனால் சொல்லைத் தேடாமல் விளக்கிவிடுவது நல்லது. தெனிஸ்லிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது டிவியில் மேட்ச். ரன் அவுட் ஒன்று நடந்தது. ‘நன்றாகத்தானே ஓடினான், ஏன் வெளியே போகிறான்?’ என்று கேட்டார். கோடு, குச்சி, பந்து என்று ஆரம்பித்து ஐந்து நிமிஷம் விளக்கினேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் ‘யெதிஷெமெதி’ என்றேன். நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை என்று அர்த்தம்; ஓடிவந்தும் பஸ் கிடைக்காதவன் சொல்கிற சொல். ‘ஆ, யெதிஷெமெதி!’ என்று எழுந்து உட்கார்ந்தவர், அதற்கப்புறம் நடுவர் கை தூக்குவதற்கு முன்னாலேயே தீர்ப்பு சொல்ல ஆரம்பித்துவிட்டார்.